ஆறு அணி சுற்றிய கேட்சர் மேனேஜர் ஆன கதை: ஸ்டீஃபன் வோட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க பேஸ்பாலை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கும் நண்பர்கள் கிளீவ்லேண்ட் கார்டியன்ஸ் ஆட்டங்களின்போது தவறாமல் ஒன்று கேட்கிறார்கள்: டகவுட்டில் நிற்கும் அந்த மனிதர் யார், பெரிய ஆட்டக்காரராக இருந்தவரா? இல்லை. அவர் அணியின் மேனேஜர், அதாவது ஆட்டத்தின்போது யார் ஆடுவது என்று முடிவெடுக்கும் தலைமைப் பயிற்சியாளர், பெயர் ஸ்டீஃபன் வோட். ஆடிய காலத்தில் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்), ஜர்னிமேன் என்று சொல்லப்படும் வகை. அதனால்தான் அவரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

ஜர்னிமேன் என்று யாரைச் சொல்கிறார்கள்?

எந்த அணியிலும் நிலைத்து வேர்விடாமல், தேவைப்படும் இடத்துக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற ஆட்டக்காரரை. திறமை இல்லாதவர் என்று பொருளில்லை. அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலையான, 30 அணிகள் கொண்ட மேஜர் லீகில் இடம் பிடிப்பதே அரிது. ஆனால் இவரை வைத்து யாரும் அணியைக் கட்டமாட்டார்கள். யாருக்காவது அடிபட்டால்தான் இவர் நினைவுக்கு வருவார். இந்த வகையில் உச்சம் எட்வின் ஜாக்சன் என்ற பிட்சர் (பந்து வீசுபவர்). 14 அணிகளுக்கு ஆடியிருக்கிறார், அதுவே சாதனை. வோட் ஆடியது ஆறு அணிகளுக்கு.

வோட் எங்கிருந்து வந்தவர்?

கலிபோர்னியாவின் வைசேலியா. பிறந்தது 1984 நவம்பர் 1. படித்தது லாஸ் ஏஞ்சலஸ் அருகே உள்ள அசூசா பசிஃபிக் பல்கலைக்கழகம், பேஸ்பால் உலகில் பெரிய பெயர் இல்லாத இடம். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2007இல், டம்பா பே ரேஸ் அணி 12ஆவது சுற்றில் எடுத்தது. அந்தச் சுற்றில் வருகிறவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீகைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்து முடிப்பவர்கள். வோட் மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகில் ஐந்து ஆண்டுகள் சுற்றினார். 2012 ஏப்ரலில் முதன்முறையாக மேஜர் லீகில் காலடி வைத்தபோது வயது 27. இன்றைய நட்சத்திரங்கள் பலர் அந்த வயதில் நூறு மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

32 முறை ஆடியும் ஒரு ஹிட்கூட இல்லை என்பது உண்மையா?

உண்மைதான். 2012இல் ரேஸ் அணிக்காக 25 முறை மட்டை பிடித்தார், ஒரு ஹிட்கூட இல்லை. ஹிட் என்றால் பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் ஓடி, பேஸ் எனப்படும் முனைகளில் ஒன்றையாவது எட்டுவது. அடுத்த ஏப்ரலில் ரேஸ் அவரை ஓக்லண்ட் அத்லெடிக்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு இன்னொரு ஆட்டக்காரர்கூட வரவில்லை, பணம் மட்டும். ஜூனில் ஓக்லண்ட் மேலே அழைத்தது. அங்கும் சில முறை வெறுங்கை. மொத்தம் 32க்குப் பூஜ்யம் என்று ஆன பிறகு, 2013 ஜூன் 28 அன்று செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் ஜோ கெல்லி வீசிய பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடித்தார். முதல் ஹிட்டே ஹோம் ரன்.

அதைவிடச் சுவையானது சுமார் நூறு நாள் கழித்து நடந்தது. அக்டோபர் 5, வழக்கமான சீசன் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃபில், டெட்ராய்ட் டைகர்ஸுக்கு எதிரான தொடரின் இரண்டாம் ஆட்டம். எதிரில் நட்சத்திர பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டர். ஏழாவது இன்னிங்ஸில் வோட் பத்துப் பந்துகள்வரை போராடிக் கடைசியில் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். ஒன்பதாவது இன்னிங்ஸில், ஸ்கோர் 0-0, மூன்று பேஸ்களிலும் சக ஆட்டக்காரர்கள் நிற்க, ரிக் போர்செல்லோவின் பந்தை இடப்பக்கம் தட்டி ஆட்டத்தை முடித்தார். பலர் அந்தக் கடைசி அடியைத்தான் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. அந்த ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசிய சன்னி கிரே அப்போது முதல் வருடப் பையன். அவருக்குக் கேட்சராக உட்கார்ந்து, எந்தப் பந்தை எப்போது வீசுவது என்று சைகை காட்டி வழிநடத்தியவர், ஜூன் வரை ஒரு ஹிட்கூட அடிக்காத வோட்.

அப்புறம் ஆல் ஸ்டாரும் ஆனாரே, அவரை எப்படி ஜர்னிமேன் என்கிறீர்கள்?

2015, 2016 இரண்டு ஆண்டுகளிலும் ஆல் ஸ்டார், அதாவது சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் சிறப்பு ஆட்டத்துக்குத் தேர்வானவர். 2015இல் 18 ஹோம் ரன். ஓக்லண்ட் ரசிகர்கள் “ஸ்டீஃபன் வோட்டை நம்புகிறேன்” என்று கோஷமே போட்டார்கள். 2017 ஜூனில் அதே ஓக்லண்ட் அவரை டி.எஃப்.ஏ. செய்தது. மூன்று நாளில் மில்வாக்கி ப்ரூவர்ஸ் எடுத்துக்கொண்டது. பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ், அரிசோனா டயமண்ட்பேக்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸ், கடைசியில் மறுபடியும் ஓக்லண்ட். கோஷம் போடுவது ரசிகர்கள், பட்டியல் எழுதுவது அலுவலகம்.

டி.எஃப்.ஏ. என்றால் என்ன?

ஒவ்வோர் அணியிலும் 40 பேர் கொண்ட பட்டியல் உண்டு. அதிலிருந்து 26 பேர் (2020க்கு முன் 25) ஆடும் அணியில் இருப்பார்கள். புதிதாக ஒருவரைச் சேர்க்க இடமில்லாவிட்டால் யாரையாவது 40இலிருந்து நீக்கவேண்டும். அந்த நீக்கம்தான் டி.எஃப்.ஏ. நீக்கிய ஏழு நாளுக்குள் அணி அவரை வேறு அணிக்கு மாற்றலாம், அல்லது வேய்வர்ஸில் விடலாம். வேய்வர்ஸில் விட்டால் மற்ற அணிகளில் யார் வேண்டுமானாலும் கோரலாம். யாரும் கோராவிட்டால் மைனர் லீகுக்கு அனுப்பலாம், இல்லையென்றால் விடுவிக்கலாம்.

இதற்குக் கீழே இன்னொரு படி இருக்கிறது, ஆப்ஷன். இளம் ஆட்டக்காரர் ஒருவரை மூன்று சீசன்கள்வரை, அவர் சம்மதம் கேட்காமலே மேலும் கீழும் அனுப்பலாம். திங்கள்கிழமை யாங்கீ ஸ்டேடியம், புதன்கிழமை சிற்றூர் மைதானம். இந்த வருடங்களில் வீட்டு வாடகை ஒப்பந்தம் போடுவதே சூதாட்டம் மாதிரிதான்.

பணமாவது நிறைய வருமே?

மேலே இருக்கும் நாட்களுக்கு வரும். 2025இல் மேஜர் லீகின் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 7,60,000 டாலர், ஆனால் மேலே இருந்த நாட்களைக் கணக்கிட்டுத்தான் தருவார்கள். மைனர் லீக் வேறு உலகம். 2023இல் தொழிற்சங்க ஒப்பந்தம் வரும்வரை அதன் கீழ்ப்படியான சிங்கிள் ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 11,000 டாலர். ஒப்பந்தத்துக்குப் பின்தான் 26,200 ஆனது. மேல்படியான ட்ரிபிள் ஏவில் 35,800. வோட் தொடங்கிய 2007இல் நிலைமை இன்னும் மோசம்.

ஓய்வூதியத்துக்கு மேஜர் லீகில் 43 நாள் பணி போதும். ஆகவே, செப்டம்பர் மாதத்தில் ஒருவரை மேலே அழைப்பது வெறும் ஆட்டத் தந்திரம் அல்ல. சிலருக்கு அது முதுமைக்கால அரிசி பருப்பு.

எப்போது பயிற்சியாளர் வேலையை நினைக்க ஆரம்பித்திருப்பார்?

அவர் மனதுக்குள் புகுந்து சொல்ல முடியாது. வெளியே தெரிவதை வைத்து என் ஊகம்: 2018. அந்த வசந்தகாலப் பயிற்சியில் எறியும் தோள் கெட்டது. தேறிவரும்போது மறுபடியும் கிழிந்தது. அறுவை சிகிச்சை, முழுச் சீசனும் போச்சு. 33 வயது கேட்சருக்குத் தோள் கிழிந்தால் பெரும்பாலும் அத்தோடு கதை முடியும். அவர் 2019இல் ஜயன்ட்ஸுடன் மைனர் லீக் ஒப்பந்தம் போட்டுத் திரும்பி வந்தார், பத்து ஹோம் ரன் அடித்தார். அப்போது ஜயன்ட்ஸ் மேனேஜர் ப்ரூஸ் போச்சி.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேசவேண்டும். வோட் யார் யாருக்குக் கீழே ஆடினார் என்று பாருங்கள். ரேஸில் ஜோ மேடன். ஓக்லண்டில் பாப் மெல்வின். மில்வாக்கியில் க்ரெய்க் கவுன்செல். சான் ஃபிரான்சிஸ்கோவில் போச்சி. அரிசோனாவில் டோரி லவுல்லோ. அட்லாண்டாவில் ப்ரையன் ஸ்னிட்கர். கடைசி வருடம் ஓக்லண்டில் மார்க் காட்சே. ஒரே அணியில் பத்து வருடம் ஆடும் நட்சத்திரத்துக்கு இரண்டு மூன்று மேனேஜர்கள் கிடைத்தால் அதிகம். துரத்தப்பட்டுத் துரத்தப்பட்டு இவருக்கு ஏழு பேர் கிடைத்தார்கள், அதிலும் போச்சி மாதிரி மேஜர் லீகின் இறுதிப் பட்டமான வேர்ல்ட் சீரிஸை நான்கு முறை வென்றவர் உட்பட. அந்த ஏழில் மேடன், மெல்வின், போச்சி, ஸ்னிட்கர் நால்வரும் கேட்சர்களாக இருந்தவர்கள்.

ஏன் கேட்சர்களே மேனேஜர் ஆகிறார்கள்?

கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பருக்கு மைதானம் முழுவதும் கண்முன்னே விரிவது மாதிரிதான் இதுவும். ஆனால் வேலை அதைவிடக் கனம். மைதானத்தில் மற்ற எட்டுப் பேரைப் பார்த்து நிற்பவர் கேட்சர் ஒருவர்தான். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் வகையையும் இடத்தையும் பிட்சருக்கு அவர்தான் சொல்கிறார். ஒரே ஆட்டத்தில் ஐந்தாறு பிட்சர்கள் வந்து போவார்கள். ஒருவர் கோபக்காரர், ஒருவர் பயந்தவர், ஒருவருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். எல்லோரிடமும் பேசி வேலை வாங்கவேண்டும். இது போக எதிரணி பேட்டர்களின் பலவீனங்களை ஆட்டத்துக்கு முன் மணிக்கணக்கில் படிக்கவேண்டும்.

அதோடு, மாற்றுக் கேட்சர் வாரத்தில் ஓரிரு நாள்தான் ஆடுவார். மீதி நாட்களில் பெஞ்சில் மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், இல்லாவிட்டால் மாற்று பிட்சர்கள் தயாராகும் இடமான புல்பென்னில் பிட்சர்களுக்குப் பந்து பிடித்துக்கொண்டிருப்பார். ஆடாத நாட்களுக்கும் சம்பளம் தந்து மேனேஜர் வேலை கற்றுக்கொடுக்கிற ஏற்பாடு என்றே சொல்லலாம்.

மாற்றுக் கேட்சராக இருந்து மேனேஜர் ஆன டம்பா பே ரேஸின் கெவின் கேஷ் ஆட்டக்காரராக எடுத்த சராசரி (மட்டை பிடித்த முறைகளில் ஹிட் ஆன பங்கு) .183. மேஜர் லீகில் அது வேலை போகும் எண். அவர்தான் 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து, மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர்.

ஆட்ட வாழ்க்கை எப்படி முடிந்தது?

2021இல் வேர்ல்ட் சீரிஸ் வென்ற பிரேவ்ஸ் அணியில் இருந்தார், ஆனால் காயத்தால் பிளேஆஃபில் ஆடவில்லை. 2022இல் ஓக்லண்ட் 102 ஆட்டங்களில் தோற்ற பரிதாபமான அணி. அந்தச் சீசனின் கடைசி நாளான அக்டோபர் 5இல் அவருக்கு விடை கொடுத்தார்கள். அவர் மட்டை பிடிக்க வந்தபோது பெயரை ஒலிபெருக்கியில் அறிவித்தது அவருடைய மூன்று குழந்தைகள். ஏழாவது இன்னிங்ஸில், தன் கடைசி வாய்ப்பில், ஹோம் ரன் அடித்தார். முதல் ஹிட்டும் ஹோம் ரன், கடைசி ஹிட்டும் ஹோம் ரன். கதாசிரியர் எழுதினால் “இது ஓவர்” என்று ஆசிரியர் வெட்டிவிடுவார். பத்து சீசன்கள், மொத்தம் 82 ஹோம் ரன், சராசரி .239.

ஒரே வருடத்தில் மேனேஜர் ஆனது எப்படி?

2023இல் சியாட்டில் மெரினர்ஸ் அணியில் புல்பென் பயிற்சியாளர். அவ்வளவுதான் அனுபவம். அந்த ஆண்டு முடிவில் டெர்ரி ஃப்ரான்கோனா 11 ஆண்டுகளுக்குப் பிறகு கிளீவ்லேண்டைவிட்டு விலகினார். பாஸ்டனுக்கு இரண்டு வேர்ல்ட் சீரிஸ் வாங்கிக்கொடுத்த மனிதர் அவர். அவரும் ஐந்து அணி சுற்றிய ஆட்டக்காரர். அவர் இடத்துக்கு 39 வயது வோட்டை நவம்பரில் கொண்டுவந்தார்கள். பலருக்கு வியப்புதான், எனக்கும் சந்தேகம் இருந்தது.

வழக்கமாக எவ்வளவு காலம் ஆகும்?

ஸ்னிட்கரைப் பாருங்கள். மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். 1977இல் பிரேவ்ஸ் அமைப்பில் சேர்ந்து, மைனர் லீகில் மேனேஜராகவும் பயிற்சியாளராகவும் ஊர் ஊராக மாற்றப்பட்டு, 2016இல்தான் மேலே மேனேஜர் ஆனார். வேர்ல்ட் சீரிஸ் வென்றபோது வயது 66. வோட் விதிவிலக்கு, ஸ்னிட்கர் நடைமுறைக்குப் பக்கத்தில் இருப்பவர். அவர் அளவுக்கும் எட்டாமல் சிங்கிள் ஏ அணிகளிலேயே ஓய்வு பெறுபவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களைப் பற்றி இப்படி யாரும் எழுதுவதில்லை.

பெஞ்சில் உட்கார்ந்த அனுபவம் உண்மையிலேயே உதவுகிறதா, இல்லை கதைக்காகச் சொல்கிறார்களா?

ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். 2024 அக்டோபர் 17, அமெரிக்கன் லீக் இறுதித் தொடர், மூன்றாம் ஆட்டம். தொடரில் யாங்கீஸிடம் கிளீவ்லேண்ட் 0-2 பின்தங்கியிருக்கிறது. இந்த ஆட்டத்தில் முன்னிலையில் இருக்கும்போது, எட்டாவது இன்னிங்ஸில் கிளீவ்லேண்டின் க்ளோசர் (கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர்) இம்மானுவேல் க்ளாசே வருகிறார். ஆரன் ஜட்ஜ் ஹோம் ரன், அடுத்து ஜியான்கார்லோ ஸ்டான்டன் ஹோம் ரன், முன்னிலை போய்விட்டது. ஒன்பதாவதின் கடைப்பாதி, 3-5, இரண்டு அவுட். கிளீவ்லேண்டின் லேன் தாமஸ் டபுள் அடித்து இரண்டாவது பேஸில் நிற்கிறார்.

வோட் இடக்கை பேட்டரை உட்காரவைத்துவிட்டு யோன்கென்சி நோயலை அனுப்பினார். எதிரில் வலக்கை பிட்சர் லூக் வீவர். வலக்கை பிட்சருக்கு இடக்கை பேட்டர் என்பது பாலபாடம். இவர் செய்தது நேர் எதிர். அந்த நேரத்தில் ஒரு பேஸ் மட்டும் தரும் சிங்கிள் போதாது, பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் வலு வேண்டும் என்பது கணக்கு. நோயல் அனுப்பினார். 5-5. பத்தாவதில் டேவிட் ஃப்ரை இரண்டு ரன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார்.

இந்த ஃப்ரை யார்? மில்வாக்கியிலிருந்து, “பெயரைப் பிறகு சொல்கிறோம்” என்ற வகை வர்த்தகத்தில் கிளீவ்லேண்டுக்கு வந்தவர். அதற்கு முந்தைய தொடரில் டெட்ராய்டுக்கு எதிராக நான்காம் ஆட்டத்தில் பிஞ்ச் ஹிட்டராக (மாற்று பேட்டராக) வந்து ஆட்டத்தைத் திருப்பியவரும் அவரே.

பேஸ்பாலில் வெளியே எடுத்தவரை அந்த ஆட்டத்தில் மறுபடி உள்ளே கொண்டுவர முடியாது. பெஞ்சில் மூன்று மணிநேரம் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி ஒரே ஒரு வாய்ப்பில் அடிக்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதும், ஐந்தாவது இன்னிங்ஸிலேயே “ஒன்பதாவதில் நீ தேவைப்படலாம்” என்று சொல்லிவைத்தால் எவ்வளவு வித்தியாசம் என்பதும், அந்த இடத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். வோட்டிடம் நான் பார்ப்பது இந்தத் தயாரிப்பைத்தான். 26ஆவது ஆளுக்கும் அவர் வேலை வைத்திருக்கிறார்.

அவர் முடிவுகள் தவறியதே இல்லையா?

மேலே சொன்ன ஆட்டத்துக்கு அடுத்த நாளே. 2-6 என்று பின்தங்கியிருந்த அணி 6-6 என்று எட்டிப்பிடித்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் வோட் மறுபடியும் க்ளாசேயையே அனுப்பினார். இரண்டு ரன் போனது, ஆட்டம் 8-6, தொடரும் ஐந்தாம் ஆட்டத்தில் முடிந்தது. முந்தைய நாள் அடிவாங்கிய ஆளிடமே பந்தைக் கொடுத்தது பிடிவாதம் என்று திட்டினார்கள். சீசன் முழுவதும் 47 சேவ் (முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டங்கள்), 0.61 ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன்களின் சராசரி) என்று வைத்திருந்தவர் அவர். நானாக இருந்தால் வேறு ஒருவரை அனுப்பியிருப்பேன். ஆனால் ஒரு மோசமான வாரத்தை வைத்து ஆளைத் தூக்கி எறிவதை, 32க்குப் பூஜ்யம் என்று நின்ற ஒருவரிடம் எதிர்பார்க்கவும் முடியாது. ஜர்னிமேனின் குணம் பலமாகவும் வரும், பலவீனமாகவும் வரும்.

2025இல் நடந்தது அதிர்ஷ்டமா?

கொஞ்சம் அதிர்ஷ்டம், டெட்ராய்டின் சரிவும் கைகொடுத்தது. ஜூலை தொடக்கத்தில் கிளீவ்லேண்ட் தொடர்ந்து பத்து ஆட்டங்களில் தோற்று, டைகர்ஸுக்கு 15.5 ஆட்டங்கள் பின்னால் கிடந்தது. மாத இறுதிக்குள் க்ளாசே உட்பட இரண்டு பிட்சர்கள் சூதாட்ட விசாரணைக்காக விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். அந்த நிலையிலிருந்து 88 வெற்றியுடன், டைகர்ஸும் இருக்கும் தங்கள் பிரிவையே வென்றார்கள். பிளேஆஃபில் அதே டெட்ராய்டிடம் முதல் சுற்றில் தோற்றார்கள் என்பது வேறு. 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர் விருது வோட்டுக்குத்தான்.

இப்போதெல்லாம் எல்லாம் கணினி சொல்வதுதானே, மேனேஜருக்கு என்ன வேலை?

பாதி சரி. எந்த பிட்சர் எத்தனை பந்து, யார் எந்த இடத்தில் நிற்பது என்பதையெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆட்டத்துக்கு முன்பே கணித்துத் தருகிறார்கள். அதனால்தான் மீதிப் பாதி முக்கியமாகிறது. கணக்கு சொன்னதை 26 மனிதர்களிடம் சொல்லி ஏற்கவைக்க வேண்டும். “இன்று நீ ஆடவில்லை”, “உன்னைக் கீழே அனுப்புகிறோம்” என்று கதவைச் சாத்திக்கொண்டு சொல்லவேண்டும். அந்த வார்த்தையை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்டவர் சொன்னால் கேட்பவருக்குக் கொஞ்சம் எளிதாகிறது என்பது என் கட்சி. இதை நிரூபிக்க எண் கிடையாது.

அப்படியானால் நட்சத்திரங்கள் நல்ல மேனேஜர் ஆகவே மாட்டார்களா?

ஆவார்கள். ஜோ டோரி 1971இல் நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், பிறகு யாங்கீஸுக்கு நான்கு வேர்ல்ட் சீரிஸ் வென்றுகொடுத்த மேனேஜர். ஆனால் அவரும் தொடக்கத்தில் கேட்சர்.

கேட்சர் அல்லாத ஜர்னிமேன்கள்?

டேவ் ராபர்ட்ஸ். ஒகினாவாவில் பிறந்தவர், ஐந்து அணிகள் சுற்றியவர், வேகம்தான் சொத்து. 2004 அக்டோபரில் பாஸ்டன் யாங்கீஸிடம் 0-3 பின்தங்கி, நான்காம் ஆட்டத்திலும் ஒன்பதாவதில் தோற்கும் நிலையில் இருந்தபோது, ஓட்டத்துக்காக மட்டும் உள்ளே வந்தார். யாங்கீஸ் பிட்சர் மரியானோ ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்து மிரட்டினார். அடுத்த பந்து வீசப்படும்போதே ராபர்ட்ஸ் ஓடி இரண்டாவது பேஸைத் திருடினார். பில் ம்யூலர் சிங்கிள் அடிக்க, ஆட்டம் சமன். பாஸ்டன் அந்தத் தொடரையும், 1918க்குப் பிறகு முதல் வேர்ல்ட் சீரிஸையும் வென்றது. அந்த வேர்ல்ட் சீரிஸில் ராபர்ட்ஸ் ஒரு முறைகூட மைதானத்தில் இறங்கவில்லை. டாட்ஜர்ஸ் மேனேஜராக 2020, 2024, 2025 என்று மூன்று பட்டங்கள் வென்றிருக்கிறார்.

கார்டியன்ஸ் ஆட்டம் பார்த்தால் எதைக் கவனிக்கவேண்டும்?

கிளீவ்லேண்டின் மாலை ஆட்டங்கள் பல, கோடையில் நமக்கு அதிகாலை 4:10க்குத் தொடங்கும். முழுதும் பார்க்க முடியாவிட்டால் ஆறாவது இன்னிங்ஸ் நடக்கும்போது எழுந்திருங்கள். அப்போது கேமரா டகவுட்டைக் காட்டும்போது பேட்டரைப் பார்க்காதீர்கள், பின்னால் யார் கையுறை மாட்டி மட்டையை எடுக்கிறார் என்று பாருங்கள். எதிரணி எந்தக் கை பிட்சரைப் புல்பென்னில் சூடாக்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2020 முதல் ஒரு பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்கு வீசவேண்டும், அல்லது இன்னிங்ஸ் முடியவேண்டும் என்ற விதி இருப்பதால், யாரை எப்போது இறக்குவது என்ற பேரம் இன்னும் கூர்மையாகியிருக்கிறது.